ஐந்து ஜோடி சாக்ஸும் ஒரு மெழுகுவர்த்தியும்

சாக்ஸில் ஒரு குறையும் இல்லை. அதுதான் ஒலிவேராவுக்கு ஆத்திரமாக வந்தது.

அவளைக் கட்டிக்கொள்ளப்போகிற விதோமிர் அதைப் போட்டுக்கொண்டு அவளுடைய சமையலறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து காட்டினான். குதிகாலில் சுருக்கமில்லை, விரலில் இறுக்கமில்லை, கணுக்காலை விட்டு இம்மியும் இறங்கவில்லை. சுத்தப் பருத்தி நூலில் நெருக்கிப் பின்னியிருந்தாள். விதோமிரின் பாதமும் அவன் அம்மா ஸ்தமேனாவின் பாதமும் ஒரே அளவு. மழைக்காலத்தில் அம்மாவும் பிள்ளையும் ஒரே ரப்பர் பூட்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். ஆகவே அவனுக்குச் சரியாக இருந்தால் அம்மாவுக்கும் சரியாக இருக்கும்.

"கழட்டவே மனசு வரலை," என்றான்.

"கழட்டு. கொளுத்திப் பாக்கணும்."

நூலின் வால்முனையைக் கத்தரித்து, அடுப்பு பற்றவைக்கும் லைட்டரில் காட்டினாள். பள்ளிக்கூடக் கொல்லையில் பழைய பரீட்சைத் தாள்களை எரிக்கும்போது வருமே, அந்த வாசனை வந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"காகிதம்," என்றான் விதோமிர்.

"காகிதமேதான்," என்று சொல்லி ஒலிவேரா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. மலைமேல் விதோமிரின் வீட்டில் ஒரு வழக்கம். கல்யாணத்தன்று காலையில் மணப்பெண் தன் கையால் பின்னிய சாக்ஸை மாமியார் முன்னால் வைக்க வேண்டும். மாமியார் அதில் ஓர் இழையை வெட்டி மெழுகுவர்த்தியில் காட்டி, முகர்ந்து பார்ப்பாள். மயிர் கருகும் வாசனை வந்தால் சுத்தக் கம்பளி. உடனே காபி காய்ச்சும் செப்புக் குவளையை மருமகள் கையில் கொடுத்துவிடுவாள். அந்தக் குவளை யார் கையில் இருக்கிறதோ அவள்தான் அந்த வீட்டுக்காரி. அது கைக்கு வராதவள் காலம் முழுக்க விருந்தாளி.

விதோமிரின் அண்ணி அப்படி ஒரு விருந்தாளி. அவள் கொண்டுபோன சாக்ஸ் கடையில் வாங்கிய செயற்கை நூலில் பின்னியது. மெழுகுவர்த்தியில் காட்டியதும் உருகி, ஸ்தமேனாவின் வெள்ளை மேஜைவிரிப்பில் கறுப்பாகச் சொட்டிவிட்டது. அண்ணி இன்றைக்கும் அந்த வீட்டுக்கு வந்தால் வாசல் அறையில் உட்கார்ந்து, கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போகிறாள். அந்த மேஜைவிரிப்பையும் இன்னும் எறியவில்லை. கறை தெரிகிற பக்கத்தை மேலே வைத்துத்தான் விரிக்கிறார்கள்.

ஒலிவேராவுக்குப் பின்னத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. உஜித்சே நகரத்தில் பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள். நோயாளி வாயைத் திறந்துகொண்டு மருந்தில் ஈறு மரத்துப்போகக் காத்திருக்கும் நேரத்தில் இரண்டு வரிசை பின்னிவிடுவாள். ஆனால் கம்பளி மட்டும் ஆகாது. தொட்டால் கை தடிக்கும். மடியில் வைத்தால் முகம் தடிக்கும். தெரியாமல் அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டாலோ, கண் இருக்கும் இடமே தெரியாது. பருத்தி, மூங்கில் நார், லினன் என்று எல்லாவற்றிலும் அவள் சாக்ஸ் பின்னியிருக்கிறாள். ஆட்டிடமிருந்து வருவது எதுவும் ஒத்துக்கொள்வதில்லை, சுட்ட கறியைத் தவிர.

இதை ஸ்தமேனாவிடம் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். முதல் முறை அவளை வீட்டுக்கு அழைத்துப்போனபோது, அம்மாவைக் குளிரவைக்கும் அவசரத்தில் விதோமிர், "ஒலிவேரா கம்பளி நூலைத் தொட்டா வெண்ணெய் மாதிரி ஓடும்மா," என்று அளந்துவிட்டான். ஸ்தமேனாவுக்கு ஆட்டு மந்தை இருந்தது. பெருமையும் அதே அளவுக்கு இருந்தது. கம்பளி ஒத்துக்காது என்று சொல்கிறவர்களை, தண்ணீர் ஒத்துக்காது என்று சொல்கிறவர்களைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். அதற்குப் பிறகு சொல்ல ஒலிவேராவுக்குத் தைரியம் வரவில்லை. அவளுக்கு முப்பத்தொன்பது வயது. விதோமிருக்கு முன்னால் வந்த இரண்டு பேரும் வந்த வழியே போய்விட்டார்கள். இவன் பொய் சொல்கிறான், பயப்படுகிறான், தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறான். ஆனாலும் இவன் சிரித்தால் அவளும் சேர்ந்து சிரித்துவிடுவாள். இவனோடு அந்த வீட்டில் விருந்தாளியாக வாழ அவளுக்கு விருப்பமில்லை. செப்புக் குவளை வேண்டும்.

"எனக்கு ஒரு யோசனை," என்றான் விதோமிர்.

அவன் யோசனை என்றதுமே ஒலிவேரா ஓடியிருக்க வேண்டும். சாக்ஸ் பருத்தியாகவே இருக்கட்டும். வெளியே தொங்குகிற வால்முனையை மட்டும் கம்பளியில் வைத்துத் தைத்துவிடலாம், அம்மா அந்த முனையைத்தான் வெட்டுவாள் என்றான். கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது. ஒலிவேரா ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு தைத்தாள். வேலை முடியும் தறுவாயில், பழக்கதோஷத்தில், நூலைப் பல்லால் கடித்துவிட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஸ்தமேனா மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள்.

உதடு இரண்டும் ஊதிப்போய், கன்னம் பளபளவென்று மின்ன, ஒலிவேரா மலையேறி வந்து வாசலில் நின்றாள். வீட்டுக்குள்ளிருந்து அவரைக் குழம்பு தீய்ந்த புகை வெளியே வந்துகொண்டிருந்தது. விதோமிரின் அப்பா மிலியா சத்தமில்லாமல் எழுந்து, அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, மறுபடியும் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். மிலியா பேசுகிற ஆள் இல்லை. கல்யாணமான புதிதில் பேசிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார் என்று ஊரில் சொல்வார்கள்.

"மூஞ்சிக்கு என்னடி ஆச்சு?" என்றாள் ஸ்தமேனா.

"தேனீம்மா," என்று விதோமிர் முந்திக்கொண்டான்.

"மார்ச் மாசக் குளிர்லயா?"

"சீக்கிரம் கிளம்பிடுச்சு போல."

மிலியா "ம்" என்றார்.

ஸ்தமேனா மேற்கொண்டு கேட்கவில்லை. தேனீ கொட்டினால் என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். கொல்லைக்குப் போய், கழுவாத ஆட்டுரோமம் ஒரு கை அள்ளி வந்து, ரக்கியா சாராயத்தில் நனைத்து, ஒலிவேராவின் இரண்டு கன்னத்திலும் வைத்து, தலையைச் சுற்றித் துண்டால் கட்டிவிட்டாள். ஒலிவேராவின் கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர் வழிந்தது. அந்தக் கோலத்தில் உட்கார்ந்துகொண்டு, அடி தீய்ந்த அவரையைச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்றும் சொன்னாள்.

அந்தக் கண்ணீரைப் பார்த்து ஸ்தமேனா நெகிழ்ந்துபோனாள். மூத்த மருமகள் ஒருநாளும் இந்த வீட்டுப் பொருளைத் தொட்டு இப்படிக் கண்கலங்கியதில்லை என்றாள். "மணக்குது பாரு என் ஆட்டுரோமம்! நீதான்டி எனக்கேத்த மருமக. எனக்கு மட்டும் போதாது. உங்க மாமாவுக்கு ஒரு ஜோடி, என் தங்கச்சிங்க மூணு பேருக்கும் ஆளுக்கொரு ஜோடி. எல்லாத்துலயும் இழை எடுத்துக் காட்டுவேன், ஊரே பாக்கட்டும்," என்றாள். எந்த இழையை வெட்டுவாள் என்று விதோமிர் பேச்சோடு பேச்சாக விசாரித்தான். சாக்ஸைப் புரட்டி, தன் கை எங்கே போகிறதோ அங்கே வெட்டுவாளாம். வால்முனை யோசனை அங்கேயே செத்தது.

திரும்பி வரும் வழியில் விதோமிர் வண்டியை இரண்டு தடவை நிறுத்த வேண்டியிருந்தது. ஒலிவேராவுக்குத் தும்மல்.

"ஒரு ஜோடியா இருந்தது. இப்ப அஞ்சு ஜோடி," என்றாள் தும்மலுக்கு நடுவே.

"அம்மாவுக்கு உன்னைப் பிடிச்சுப்போச்சு. அதைப் பாரு."

"கண்ணு திறந்தா பாக்கறேன்."

அடுத்த நாள் அவள் மோம்ச்சிலோவின் நூல் கடைக்குப் போனாள். சந்தைக்குப் பின்னால் இருக்கிற அந்தக் கடையில் மோம்ச்சிலோ, வயிற்றின்மேல் நூற்கண்டை உருட்டிக்கொண்டு, கேட்கிறவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் யோசனை சொல்வார். ஒலிவேரா விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அப்ப, ஆட்டு ரோமமா இருக்கக்கூடாது. ஆனா கொளுத்தினா ஆட்டு ரோமம் மாதிரி மணக்கணும். அப்படித்தானே தங்கச்சி?"

"அப்படித்தான்."

மூங்கில் நூல் வேண்டாம், அதுவும் காகிதம்போலத்தான் எரியும் என்றார். நைலான் பேச்சே எடுக்க வேண்டாம், மேஜைவிரிப்பு ஞாபகம் இருக்கட்டும் என்றார். அந்த மேஜைவிரிப்பு நகரம் வரை பிரபலம். கடைசியில் மேல் தட்டிலிருந்து ஒரு பட்டு நூற்கண்டை எடுத்தார். பட்டும் ஒரு பூச்சியின் வேலைதானே, கொளுத்தினால் மயிர் வாசனைதான் வரும். கத்தரித்துக் கொளுத்திக் காட்டினார். வந்தது. ஒலிவேரா கன்னத்தில் தேய்த்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. மோம்ச்சிலோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

பட்டு சாக்ஸ் ஒரே வாரத்தில் தயாரானது. மின்னியது, வழவழவென்றிருந்தது. விதோமிர் அதைப் போட்டுக்கொண்டு எழுந்து, ராஜா மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஓடுபோட்ட தரையில் காலை வைத்தான். அடுத்த கணம் அவன் சமையலறையில் இல்லை. கதவைத் தாண்டி, மாடிப்படி வழியாக, ஒவ்வொரு படியிலும் "ஐயோ" என்று சொல்லிக்கொண்டே கீழே போய்ச் சேர்ந்தான். கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து, மின்னுகிற சாக்ஸையும் அது மாட்டியிருந்த காலையும் பார்த்துவிட்டு மறுபடியும் சாத்திக்கொண்டார்.

கணுக்கால் எலும்பில் கீறல். வலது காலில் மாவுக்கட்டு போட்டார்கள்.

"அம்மா விழுந்திருந்தா?" என்றான் விதோமிர், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு.

ஒலிவேரா அதை நினைத்துப் பார்த்தாள். ஆட்டம் பாட்டம் என்று ஊரே கோலோ வட்டநடனம் ஆடும் கல்யாணத்தில், ஸ்தமேனாவும் தங்கைகளும் வரிசையாகக் கைகோத்துக்கொண்டு மலைச்சரிவில் வழுக்கிப் போனால், குவளை கிடைத்தும் பயனில்லை.

மறுநாள் வேலைக்குப் போனவள் மதிய இடைவேளையில் அழுதுகொண்டிருந்தாள். பல் டாக்டர் ஏமிலியா வளர்க்கும் பூடில் நாய் லூலா, வழக்கம்போல் அவள் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. வெட்டி மாதக்கணக்கான சுருட்டை ரோமம் கையில் மெத்மெத்தென்று இருந்தது. ஒலிவேரா அதைத் தடவிக்கொண்டே அழுதாள். தடவிக்கொண்டே அழுகையை நிறுத்தினாள். பிறகு தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். தடிப்பில்லை, அரிப்பில்லை. இத்தனை வருஷமாக இந்த நாய் இதே மடியில்தான் படுக்கிறது.

"டாக்டர், லூலாவுக்கு முடி வெட்டி ரொம்ப நாளாச்சில்ல?"

டாக்டர் ஏமிலியா காரணத்தைக் கேட்டதும் சிரித்துச் சிரித்து, அடுத்த நோயாளியின் பல்லில் துளை போடுவதைச் சற்று ஒத்திவைக்க வேண்டியதாயிற்று. ஒரு லூலா ஒரு ஜோடிக்குத்தான் காணும் என்பதால் அவளே போனை எடுத்து, நகரத்தில் பூடில் வளர்க்கும் சிநேகிதிகளையெல்லாம் அழைத்தாள். அந்த வாரம் உஜித்சேயில் பூடில்கள் எல்லாம் மொட்டையாகத் திரிந்தன. குளிர் விடாத காலம். இதைப் பார்த்து மனசு கேட்காமல் ஒலிவேரா ஒவ்வொன்றுக்கும் பருத்தியில் ஒரு சட்டை பின்னிக் கொடுத்தாள். மாமியார் சாக்ஸுக்குப் போக வேண்டிய இரவுகள் பாதி அதில் போயின.

மோம்ச்சிலோ நாய் ரோமத்தை நூற்றுக் கொடுத்தார். வெறும் நாய் ரோமம் நூலில் நிற்காது என்று, விதோமிரை உருட்டிவிட்ட பட்டு சாக்ஸையே பிரித்து அந்த இழையையும் கூடவே முறுக்கினார். எந்தப் பக்கம் கொளுத்தினாலும் மயிர் வாசனை.

"என் ஆயுசுல நான் விக்காத நூல் இது," என்றார். "வெளியே சொல்லிடாதே தங்கச்சி. இருக்கிற வியாபாரமும் போயிடும்."

கல்யாணத்தன்று காலை ஐந்து ஜோடியும் மேஜைமேல் வரிசையாக இருந்தன. சாம்பல் நிறம், மேலே சிவப்புக் கரை. கறை பிடித்த விரிப்பு அதே பக்கம் மேலாக விரிந்திருந்தது. ஸ்தமேனா மெழுகுவர்த்தியை ஏற்றினாள். தங்கைகள் மூவரும் எதிர்ப்பக்கம் நின்றார்கள். முகர்வது மாமியாரின் வேலை, வேறு யாரும் பக்கத்தில் மூக்கை நீட்டக்கூடாது. விதோமிர் ஊன்றுகோலோடு சுவரில் சாய்ந்திருந்தான். மாவுக்கட்டு போடாத காலில் அந்த முதல் பருத்தி சாக்ஸைப் போட்டிருந்தான். ராசியான சாக்ஸ் என்று அவனாகவே முடிவு செய்திருந்தான்.

ஸ்தமேனா முதல் இழையை வெட்டிச் சுடரில் காட்டினாள். இழை சுருண்டது, கருகியது, சொட்டவில்லை. அதை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டாள். நீளமாக மூச்சிழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். ஒலிவேரா விரிப்பிலிருந்த கறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆட்டுரோமம்," என்றாள் ஸ்தமேனா. "சுத்தம். மலைக்கு மேல மேய்ஞ்ச ஆடு. பொட்டை ஆடு."

ஐந்து ஜோடியிலும் அதே தீர்ப்புத்தான். கடைசியில் அலமாரியிலிருந்து செப்புக் குவளையை எடுத்து ஒலிவேராவின் இரண்டு கையிலும் வைத்து, நெற்றியில் முத்தமிட்டாள். வாசல் அறையில் உட்கார்ந்திருந்த அண்ணி பெருமூச்சு விட்டது உள்ளே வரைக்கும் கேட்டது. ஒலிவேராவுக்குச் சந்தோஷத்தில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தேனீ கொட்டாமலே கண்ணில் தண்ணீர் வழிந்தது.

சர்ச்சிலிருந்து திரும்பியதும் முற்றத்தில் கோலோ ஆரம்பித்தது. அக்கார்டியன்காரன் வேகம் பிடித்தான். ஸ்தமேனா வரிசைக்குத் தலைமை தாங்கினாள். செருப்பைக் கழற்றி வீசிவிட்டு, மருமகளின் சாக்ஸ் ஊருக்கே தெரியும்படி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடினாள். தங்கைகளும் அப்படியே செய்தார்கள். சாக்ஸ் சூடேறியது.

ஆட்டுமந்தையைக் காக்கும் நாய் கரோவ் அதுவரை கொட்டகை ஓரமாகப் படுத்திருந்தது. அது முதலில் தலையைத் தூக்கியது. பிறகு எழுந்தது. பிறகு ஆட்டக்காரர்களுக்கு நடுவே புகுந்து ஸ்தமேனாவின் கால் பின்னாலேயே, மூக்கைச் சாக்ஸில் ஒட்டவைத்துக்கொண்டு, வட்டம் வட்டமாகச் சுற்றியது. பக்கத்து வீட்டு நாய் வேலி தாண்டி வந்தது. கீழ்த்தெரு நாய்கள் இரண்டு வந்தன. ஒவ்வொரு தங்கைக்கும் ஒரு நாய் கிடைத்தது. அவை வாலை ஆட்டிக்கொண்டு, முனகிக்கொண்டு, தாளம் தப்பாமல் கோலோவில் போயின. கரோவ் காதல் மிகுந்து ஸ்தமேனாவின் குதிகாலை நக்கியது.

விருந்தாளிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். விதோமிர் ஊன்றுகோலால் நாய்களை விரட்டப் போய், தானே புல்லில் உட்கார்ந்தான்.

ஸ்தமேனா ஆட்டத்தை நிறுத்தவில்லை. "பாத்தீங்களா? ஆட்டு வாசனைக்கு எங்க ஊர் நாய் மயங்கிப்போச்சு. இதுதான் சுத்தக் கம்பளி," என்று அக்கார்டியனுக்கு மேலே குரலை உயர்த்தி அறிவித்தாள்.

ஒலிவேராவால் பார்க்க முடியவில்லை. சமையலறைக்கு ஓடிவந்து, குவளையில் தண்ணீரும் காபித்தூளும் போட்டு அடுப்பில் வைத்தாள். யாராவது ஒருவர் நாய்களைப் பார்த்து விஷயத்தைச் சேர்த்துப் பார்த்துவிட்டால் போதும். இன்று வந்த குவளை இன்றே போய்விடும். காபி பொங்கி அடுப்பில் வழிந்து கருகியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

கதவு திறந்தது. மிலியா வந்தார். அடுப்பை அணைத்தார், ஜன்னலைத் திறந்தார். காலில் புதுச் சாக்ஸ். அதை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"நாய்தானே?" என்றார்.

மாமா பேசி அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. பொய் சொல்ல நினைத்தாள். வாயிலிருந்து உண்மைதான் வந்தது. கம்பளி ஒத்துக்காது, தேனீ இல்லை, பட்டு வழுக்கியது, பூடில்களுக்குச் சட்டை பின்னியது என்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டிவிட்டு, குவளையை அவர் பக்கம் நீட்டினாள்.

"அத்தைகிட்ட நீங்களே சொல்லிடுங்க மாமா. என்னால முடியாது."

மிலியா குவளையை அவள் பக்கமே தள்ளிவிட்டார். கதவைச் சாத்தினார். முற்றத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ரகசியமாகக் குனிந்தார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதேம்மா, அவளுக்கு மூக்குல வாசனையே தெரியாமப் போய் வருஷக்கணக்காச்சு, நூல் சொட்டாம இருந்தா சரி, உன் புருஷன் கால்ல கிடக்கே, அந்தப் பருத்தி சாக்ஸையே கொண்டாந்திருக்கலாம்."